டூன்காராவின் கடல்வாசல்

மதியத்துக்குச் சற்று முன்பு பேருந்து டூன்காரா கோட்டை முற்றத்தில் வந்து நின்றபோது, கடல் கண்ணிலேயே படவில்லை. மூடுபனி பாறை விளிம்பு வரை ஏறி வந்திருந்தது. கீழே அலை மோதும் சத்தம் மட்டும், யாரோ பெரிய கதவைத் தோளால் முட்டுவதுபோல விட்டு விட்டுக் கேட்டது.

"கடலைக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து வெள்ளைப் போர்வையைக் காட்டுறியேம்மா," என்றார் மலக்கி. அயர்லாந்தின் லிமரிக் நகரில் ஆயுசு முழுக்க இறைச்சிக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர்.

"போர்வைக்குள்ளதான் தூங்குது. நீங்க சத்தம் போடாம சாப்பிட்டா எந்திரிச்சு வரும்," என்றாள் நோரீன்.

வண்டியிலிருந்த முதியவர்கள் சிரித்தார்கள். கிளேர் கடற்கரைக் கோட்டைகளை ஒரே நாளில் சுற்றிக் காட்டுவது நோரீனின் தொழில். வண்டி ஓட்டுவது அவள் தம்பி பின்டன். எந்தக் கோட்டைக்குள்ளும் அவன் நுழைந்ததில்லை. ஆட்களை இறக்கி விட்டதும் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கி விடுவான்.

அன்று மலக்கியின் மனைவி பிலோமினா கைத்தடியை வண்டியிலேயே மறந்துவிட்டார். கெட்டியான முள்மரத் தடி. அதைக் கொடுக்கத்தான் பின்டன் உள்ளே வந்தான். வந்தவன் திரும்பிப் போகவில்லை.

கூடத்தில் கோட்டைக் காவலாள் கணப்பு மூட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். பக்கத்தில் விறகுக் குவியலும், அடிக்கட்டையில் கொத்தி நிறுத்திய கோடரியும். முதியவர்கள் பெஞ்சுகளில் அமர்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டார்கள். பன்றித்தொடை வைத்த ரொட்டியின் வாசனையோடு வேறொரு வாடையும் வந்தது. ஈர இரும்பும் அழுகிய கடற்பாசியும் கலந்ததுபோல.

கூடத்தின் கோடியில் இருந்தது கடல்வாசல். ஆள் குனிந்து போகுமளவு சின்ன வாசல். அதற்கப்பால் தரை கிடையாது; நேராகப் பாறைச் சரிவு, கீழே கடல். யாரும் விழுந்துவிடக் கூடாதென்று இரும்புக் கம்பி அடைத்திருந்தார்கள்.

நோரீன் அதன் அருகே நின்று வழக்கமான கதையைத் தொடங்கினாள்.

"இந்தக் கோட்டைத் தலைவனுக்கு ஒரே தங்கச்சி, சேர்லா. எதிரி வம்சத்துப் பையன் மேல ஆசை. ஒரு விருந்தன்னைக்கு எல்லாரும் குடிச்சுக் கிடக்கும்போது, இந்த வாசலைத் திறந்து கயிறு போட்டு அவங்களை ஏத்தி விட்டுட்டா. உள்ள இருந்த அத்தனை பேரையும் வெட்டிப் போட்டாங்க. அண்ணன் மட்டும் எப்படியோ தப்பிச்சான். தங்கச்சியை இங்க இழுத்துட்டு வந்து, கதவைத் திறந்த கையை மணிக்கட்டோட வெட்டிட்டு, அவளைக் கீழ தள்ளிட்டான்."

"நல்ல சுத்தமான வெட்டா இருந்திருக்கும்," என்றார் மலக்கி. பிலோமினா அவர் தொடையில் தட்டினார்.

கணப்பின் தீ சாய்ந்தது. காற்று அடித்தால் தீ உள்பக்கம் சாயும். இது கடல்வாசலை நோக்கிச் சாய்ந்தது. பிறகு அணைந்தது.

"பின்டன், அந்தக் கணப்பைக் கொஞ்சம் பாரு," என்றாள் நோரீன்.

பின்டன் கோடரியைப் பிடுங்கி எடுத்தான்.

விறகு பிளக்கத்தான் என்று நினைத்தாள்.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தான். அது அவள் தம்பியின் நடையே அல்ல. இடது காலைச் சற்று இழுத்து, பாரமான உடை அணிந்தவன்போல வந்தான்.

"என்ன தம்பி, நாடகமும் உண்டா?" என்று மலக்கி சிரித்தபடி எழுந்து குறுக்கே நின்றார்.

கோடரி அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது.

அந்தச் சத்தத்தை மலக்கி கடையில் ஆயிரம் முறை கேட்டிருப்பார். கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே போடாமல், மெல்ல முழங்காலிட்டார். பின்டன் அவர் மார்பில் காலை ஊன்றிக் கோடரியை உருவினான். ரத்தம் அணைந்த கணப்பில் தெறித்துச் சீறியது.

பெஞ்சுகள் கவிழ்ந்தன. ஆட்கள் கதவை நோக்கி ஓடினார்கள். நோரீனுக்கு ஓட வழியில்லை. அவளுக்கும் கதவுக்கும் நடுவில் அவன் நின்றான்.

"பின்டன். நான்தான்டா."

அவன் அவள் தலைமுடியைப் பற்றி இழுத்து, கடல்வாசல் கம்பியில் முகத்தை மோதினான். பல் உடைந்தது. அவள் வலது கையை முறுக்கி வாசற்படிக் கல்லில் அழுத்தினான். அவன் மூச்சில் உப்பு நாற்றம்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?" என்று காதோரம் கிசுகிசுத்தான்.

எதைச் சொல்ல மாட்டேன் என்று கேட்கிறான்? அவளுக்குப் புரியவில்லை.

தலையைத் திருப்பினாள். கம்பிகளுக்கு அப்பால் பனி மட்டுமே இருந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்து கம்பியைப் பிடித்தது.

வெளுத்து ஊறிய கை. நகங்களில் பாசி. கால் வைக்க இடமே இல்லாத அந்தச் சரிவில் யாரோ தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒற்றைக் கையால்.

கோடரி இறங்கியது. நோரீன் கையை இழுத்தாள். முழுவதும் இழுக்க முடியவில்லை. இரண்டு விரல்கள் கல்லிலேயே தங்கிவிட்டன.

அவன் மறுபடி ஓங்கியபோது, பின்னாலிருந்து பிலோமினா முள்மரத் தடியால் அவன் மண்டையில் அடித்தார். அவன் விழுந்த பிறகும் அடித்தார். புருஷனின் ரத்தத்தில் வழுக்கி விழுந்து, உட்கார்ந்தபடியே அடித்தார். நோரீன்தான் நல்ல கையால் தடியைப் பற்றி நிறுத்தினாள்.

பின்டன் கண் திறந்தான். சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து எழுந்தபோது எப்படி விழித்தானோ, அப்படி.

"நோரீன், உன் கைக்கு என்னாச்சு?"

அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. பனியில் வழி தெரியாமல் ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் மலக்கியின் உயிர் பிரிந்துவிட்டது. போலீஸிடமும் நீதிபதியிடமும் பின்டன் வாய் திறக்கவில்லை. மனநல மருத்துவமனையில் காவலோடு வைத்தார்கள்.

வசந்தகாலம் தொடங்கியபின் நோரீன் அவனைப் பார்க்கப் போனாள். போக வேண்டாமென்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அம்மா இறந்தபின் அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள். வீட்டில் இருக்க முடியவில்லை.

வெயில் விழும் சிறிய அறை. மேசைக்கு அந்தப் பக்கம் பின்டன் இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"ஒழுங்கா சாப்பிடுறியா?"

அவன் அவளுடைய விரல் இழந்த கையைப் பார்த்தான். பிறகு அமைதியாக, பழங்காலத்து ஆள்போல நிறுத்தி நிறுத்திப் பேசினான். அவன் குரல் அல்ல அது.

"அந்தக் கதையைத் தப்பாவே சொல்லிட்டு வந்திருக்கே. என் தங்கச்சி அந்த வாசலைத் திறக்கல."

நோரீன் நாற்காலியை மேசையிலிருந்து பின்னுக்கு நகர்த்தினாள்.

"நான்தான் திறந்தேன். அவங்க எனக்கு நிலம் தர்றதா சொன்னாங்க. கயிறு போடும்போது அவ பாத்துட்டா. பழியை யார் மேலயாவது போடணும் இல்லையா?"

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தான். அடுத்த நொடி, அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது. நாற்காலியோடு சுவர்வரை பின்வாங்கினான்.

நோரீன் எழுந்து வெளியே வந்தாள். கதவைப் பூட்டப் போன காவலர், கண்ணாடி வழியே உள்ளே பார்த்துத் தயங்கினார்.

"உங்ககூட வந்த பொண்ணு இன்னும் உள்ளயே நிக்குதே. கூப்பிடலையா?"

நோரீன் தனியாகத்தான் வந்திருந்தாள்.

"பாவம், எங்கே நனைஞ்சுதோ. தரையெல்லாம் தண்ணி சொட்டுது," என்றார் அவர்.

கதவுக்குப் பின்னால் நாற்காலி கவிழ்ந்தது. பிறகு பின்டன் அலறினான்.

"நோரீன், கதவைத் திற."

கோட்டையில் மயங்கி எழுந்ததற்குப் பிறகு, முதல் முறையாக, அவனுடைய சொந்தக் குரலில்.