கூடைக்கு முதுகு

கை மேலேயே நின்றதா, இறங்கிவிட்டதா? நான் பார்க்கவே இல்லையே.

பென்சில் தாளின் கடைசிக் கட்டத்துக்கு மேலே அப்படியே நின்றது. பந்து எங்கே போனது என்று யாராவது கேட்டிருந்தால் அவள் அச்சுப் பிசகாமல் சொல்லியிருப்பாள். வளையத்தின் முன் விளிம்பில் பட்டு, ஒரு துள்ளு துள்ளி, வந்த வழியே திரும்பி விழுந்தது. ஆனால் தாளில் இருந்த கேள்வி பந்தைப் பற்றியது இல்லை. கையைப் பற்றியது. கை அவள் நினைவில் துளிகூட இல்லை.

அவளுக்குக் கண்கள் பெரியவை. அதனால் வகுப்பில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். இவ்வளவு பெரிய கண்களை வைத்துக்கொண்டு, மூன்றடி தூரத்தில் இருந்த ஒரு கையைக் கோட்டைவிட்டுவிட்டோமே என்று ஆந்தைக்கு வெட்கமாக இருந்தது.

அன்று விளையாட்டு வகுப்பில் கூடைப்பந்துத் தேர்வு. இருபத்து நான்கு பேரையும் தான் ஒருத்தியே பார்த்தால் அடுத்த வருடம்தான் முடியும் என்று விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். அதனால் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் நின்ற இடத்திலிருந்து ஐந்து முறை பந்தைக் கூடைக்குள் எறிய வேண்டும். மற்றவர் பார்த்து மார்க் போட வேண்டும். தோழிக்குத் தோழி மார்க் போடக் கூடாது என்பது முதல் நிபந்தனை.

தாளில் ஐந்து கட்டங்கள். கால்கள் தோள் அகலத்துக்கு இருக்கின்றனவா? முழங்கால் மடங்குகிறதா? முழங்கை பந்துக்கு நேர்கீழே இருக்கிறதா? கண் கூடையின் மேல் இருக்கிறதா? பந்தை விட்ட பிறகும் கை மேலேயே நிற்கிறதா? ஐந்து எறிதலில் மூன்று தடவையாவது சரியாகச் செய்தால் அந்தக் கட்டத்தில் ஒரு டிக். எத்தனை பந்து உள்ளே விழுந்தது என்று எழுத அடியில் ஒரு சின்னக் கோடு. இரண்டு பேர் சமமாக வந்தால்தான் அந்தக் கோட்டைப் பார்ப்பேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அதிக டிக் வாங்கும் ஆறு பேர் அடுத்த வாரத்திலிருந்து களத்தில் மூன்றுக்கு மூன்று ஆடலாம். மீதிப் பேருக்கு, அடுத்த தேர்வு வரைக்கும், சுவரில் சாக்பீஸால் வரைந்த வட்டம்தான்.

ஆந்தைக்கு ஜோடியாக வந்தவள் புதுசு. நடுவருடத்தில் வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். வந்து நான்கு மாதமாகிவிட்டது. இன்னும் புதுசுதான். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். யாரும் அவளிடம் பேசியதும் இல்லை. எல்லோரும் களத்தில் கூச்சல் போடும்போது அவள் மட்டும் சுவர்ப் பக்கம் நின்று வட்டத்தின் மேல் எறிந்துகொண்டிருப்பாள்.

முதலில் ஆந்தை எறிந்தாள், புதுசு மார்க் போட்டாள். மூன்று. முழங்கைக்கு ஒரு பெருக்கல் குறி, கைக்கு ஒரு பெருக்கல் குறி. நான்கு மாதமாக வாயைத் திறக்காதவள் பென்சிலை மட்டும் நன்றாக ஓட்டுகிறாளே என்று ஆந்தைக்குச் சுருக்கென்றது.

அடுத்து புதுசு ஐந்து பந்தையும் எறிந்து முடித்திருந்தாள். ஒன்றுகூட விழவில்லை. இப்போது ஆந்தையின் கையில் பென்சில்.

பெருக்கல் குறி போட ஒரு நொடி ஆகாது. பந்துதான் விழவில்லையே, யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்த ஒரு நொடிக்குள் அவளுக்கு இன்னொன்றும் தெரிந்துவிட்டது. போட நினைப்பது புதுசின் கைக்காக இல்லை. தன் தாளில் இருக்கும் மூன்றுக்காக.

அவள் தாளை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள். பந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாக மெல்லச் சொன்னாள்.

டீச்சர் திட்டவில்லை. "பந்து கண்ணை இழுக்கத்தான் செய்யும். எனக்கே இழுக்கும்," என்றார். "பாக்காததை எழுதாதே. திரும்பப் போடச் சொல்லிப் பாரு."

திரும்பப் பார்த்தாலும் கண் பந்தோடுதானே ஓடும்? நடந்து வரும்போதே ஆந்தை யோசித்தாள். கூடை தெரிந்தால்தானே கண் கூடைக்குப் போகும்?

அவள் புதுசுக்கு எதிரே, கொஞ்சம் ஓரமாகப் போய் நின்றாள். கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஒட்டகம் இதைப் பார்த்துவிட்டான். வகுப்பிலேயே உயரமானவன் அவன்.

"ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரியாதுன்னு சொன்னாங்க. சரியாத்தான் இருக்கு," என்றான். "கூடை அந்தப் பக்கம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆந்தைக்குக் காது சூடானது. ஆனால் திரும்பவில்லை. திரும்பினால் மறுபடியும் பந்து கண்ணை இழுத்துவிடும்.

புதுசு எறிந்தாள்.

ஆந்தை முதல்முறையாக அவளைப் பார்த்தாள். நான்கு மாதமாக ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் இப்போதுதான் பார்த்தாள். கால்கள் அளந்து வைத்தது போல நின்றன. முழங்கை இம்மிகூட வெளியே போகவில்லை. கண்கள் ஆந்தையின் தலைக்கு மேலே எங்கேயோ குத்திட்டிருந்தன. பந்து போன பிறகும் அவளுடைய சின்னக் கை, உயரமான அலமாரியில் எதையோ எட்டி எடுப்பது போல, மணிக்கட்டு மடங்கி மேலேயே நின்றது.

ஐந்து முறையும் அப்படித்தான். நான்காவது முறை மட்டும் பந்து கையில் கொஞ்சம் வழுக்கியது. அப்போது முழங்கால் மடங்கவில்லை. மற்ற நான்கு முறையும் மடங்கியது. ஆந்தை எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். பின்னால் ஒவ்வொரு தடவையும் டங் என்று ஒரே மாதிரி சத்தம் கேட்டது.

அவள் ஐந்து கட்டத்திலும் டிக் போட்டாள். பிறகு அடிக்கோடு நினைவுக்கு வந்தது.

"எத்தனை விழுந்துச்சு?" என்று புதுசிடமே கேட்டாள்.

"ஒண்ணும் விழல," என்றாள் புதுசு. "எல்லாம் முன்னாடியே பட்டுடுச்சு. எனக்குப் பலம் பத்தல."

ஆந்தை கோட்டின் மேல் பூஜ்யம் எழுதினாள். இரண்டு விழுந்தது என்று சொல்லியிருந்தால் இரண்டு என்றுதான் எழுதியிருப்பேன் என்பது அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

தாள்களை மதிய இடைவேளை முடிவதற்குள் மாடியில் டீச்சரின் அறையில் கொடுக்க வேண்டும். ஆந்தை தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பம்பரம் வந்து அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பம்பரமும் ஆந்தையும் முதல் வகுப்பிலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். பம்பரம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள், அதனால் அந்தப் பெயர். அவள் எறிந்த ஐந்து பந்தும் கூடைக்குள் விழுந்திருந்தன. வகுப்பே கை தட்டியது. ஆனால் எறியும்போது முழங்கை இறக்கை மாதிரி வெளியே விரிகிறது என்று அவளுடைய ஜோடி ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டாள். நாலு டிக்.

சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் பம்பரம் புதுசைத் தவிர எல்லோரிடமும் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். ஐந்து பேருக்கு ஐந்து டிக். நாலு டிக் வாங்கியது அவள் மட்டும்தான். ஆக, ஆறாவது இடம் தனக்கு என்று விரலை மடக்கிக் காட்டினாள்.

ஆந்தை எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தாள். "புதுசுக்கு அஞ்சு," என்றாள்.

பம்பரம் சிரித்தாள். பிறகு ஆந்தையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். தாளை இழுத்துப் பார்த்தாள்.

"பூஜ்யம்னு நீயே எழுதியிருக்கே. அப்புறம் எப்படிடி அஞ்சு?"

ஆந்தை விளக்கினாள். பம்பரம் காதில் வாங்கவில்லை. களத்தில் ஆடப்போவதாக அவள் நேற்றே வீட்டில் அண்ணனிடம் சொல்லிவிட்டாளாம். அண்ணன் தன்னுடைய பழைய ஷூவைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறானாம். பஞ்சு அடைத்தால் சரியாக இருக்குமாம். இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. அதுதான் ஆந்தைக்குக் கஷ்டமாக இருந்தது. கோபித்துக்கொண்டால் பதிலுக்குக் கோபித்துக்கொள்ளலாம்.

பம்பரம் கணக்கை எடுத்துச் சொன்னாள். ஒரே ஒரு டிக்கை அழித்தால் புதுசுக்கும் நாலு, தனக்கும் நாலு. சமம். சமமானால் டீச்சர் அடிக்கோட்டைப் பார்ப்பார். தனக்கு அஞ்சு, புதுசுக்குப் பூஜ்யம். யாருக்கும் எந்தக் கேள்வியும் வராது.

"நாலாவது தடவை அவ முழங்கால் மடங்கவே இல்லைன்னு நீதானே இப்ப சொன்னே?"

சொன்னாள்தான். ஆந்தை சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு மனசுக்குள் மறுபடியும் ஒரு முறை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. மடங்கியது. மூன்று போதும், நான்கு இருக்கிறது. புதுசு பாவம் என்று போட்டேனா? காலையில் பெருக்கல் குறி போட நினைத்த குற்ற உணர்ச்சியில் போட்டேனா? இரண்டையும் கேட்டுப் பார்த்தாள். இரண்டுக்கும் பதில் அந்தக் கையாகத்தான் இருந்தது. பந்து போன பிறகும் இறங்காமல் நின்ற கை.

குழாயில் புதுசு தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் பேசுவது கேட்டதோ என்னவோ, பாட்டில் நிறைந்து வழிந்தது. அவள் நிமிரவில்லை.

"உன் முழங்கையை நாளைக்கு நான் நின்னு பாக்கறேன்," என்றாள் ஆந்தை. "அது ஒண்ணுதான் தப்பு. ரெண்டு நாள்ல சரியாயிடும். அடுத்த டெஸ்ட்ல நீதான் முதல்."

"எனக்கு அடுத்த டெஸ்ட் வேணாம். இது வேணும்." பம்பரம் பென்சில் பெட்டியைத் திறந்து ரப்பரை எடுத்தாள். "நான் உன்னை எதுவும் கேட்டதே இல்ல. இது ஒண்ணு மட்டும் செய். இல்லைன்னா இனிமே பஸ்ல என் பக்கத்துல உக்காராதே."

ஜன்னலோர சீட். முதல் வகுப்பிலிருந்து பம்பரம் ஓடிப்போய் ஆந்தைக்காகப் பிடித்து வைக்கும் சீட். ஆந்தை அதையும் ஒரு தரம் நினைத்துப் பார்த்தாள்.

ரப்பர் நீல நிறம். ஓரத்தில் பம்பரம் பல்லால் கடித்த தடம். அவள் அதை ஆந்தையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. ஆந்தை தாளை மடியில் நேராக வைத்து ஒரு முறை பார்த்தாள். ஐந்து டிக், ஒரு பூஜ்யம். பிறகு பம்பரத்தின் கையைப் பிடித்து, ரப்பரை அதற்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"மாட்டேன்டி," என்றாள். சத்தமே இல்லாமல்தான் சொன்னாள்.

தாளைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.