ஒன்பதாம் எண் திரும்பட்டும்

அந்த ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் எபனேசர் வீட்டு மாடியில் இருந்தவர்கள் மூன்று பேர். மேசைக்குக் கிழக்கே, மின்விசிறிக்கு நேர் கீழே, வீட்டுக்காரர் எபனேசர், பல் மருத்துவர். அவருக்கு இடப்பக்கம் கேஸ் ஏஜென்சி பரூக். இருவரும் ஒரே அணி. எதிரே, சுவரில் முதுகு படும்படி, தனி அணியாகக் கணக்கு டீச்சர் தில்லைக்கரசி. மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நடுவே வான்மேசை விரிந்திருந்தது. கீழே நீலக் கடல், அதன்மேல் அறுகோணக் கட்டங்கள், கட்டங்களுக்கு மேலே மெல்லிய கம்பிகளில் கட்டைவிரல் அளவு போர் விமானங்கள்.

ஆடிக்கொண்டிருந்தது தீவுப் போர். போர் முடிந்து இருபது வருடம் தாண்டியதும் நிழலகம் என்ற கம்பெனி அதைச் 'சரித்திரம்' வரிசையில் சேர்த்து விற்க ஆரம்பித்துவிட்டது.

இதே ஆட்டத்தை முன்பு வெறும் பகடை உருட்டி ஆடினார்கள். இப்போது ஒவ்வொரு விமானத்தின் அடிப்பீடத்திலும் ஒரு விமானிநிழல் இருந்தது. இறந்த விமானி ஒருவன் எழுதிவைத்ததையெல்லாம் படித்து, அவன் எப்படி யோசிப்பான், எதற்குப் பயப்படுவான் என்று கட்டியெழுப்பிய மனம் அது. குரல் மட்டும் கம்பெனியின் பொதுக்குரல்; எல்லா விமானிக்கும் ஒன்றே. தான் மேசைமேல் நிற்பது நிழலுக்குத் தெரியாது. கடல்மேல் பறப்பதாகவே நினைக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அதற்கு முதல் ஞாயிறு.

நகர்வை அட்டையில் எழுதிக் கவிழ்த்து வைப்பார்கள். எல்லோரும் ஒன்றாகத் திருப்பியதும் அவரவர் கட்டளையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விமானி மறுக்கலாம். மறுத்தால் ஆடுபவர் சிவப்பு வற்புறுத்து வில்லையை வைத்து அவனைப் போகச் செய்யலாம்.

"என்ன டீச்சர், இன்னைக்கும் ஒம்பதாம் நம்பரத்தான் தூண்டில்ல மாட்டப் போறியளா?" என்றார் பரூக்.

"மீன் கடிக்கும்போது புழுவ எதுக்குப் பாய் மாத்தணும்?"

அவள் ஜெயிக்கும் வழி அதுதான். ஒரு விமானத்தைத் தனியாக முன்னால் அனுப்புவாள். எதிரிகள் அதைத் துரத்தித் திரும்பும்போது, மேலே காத்திருக்கும் மற்றவை பாயும். எபனேசர் புதிதாக வண்ணம் தீட்டிக் கொடுத்த ஒன்பதாம் எண்ணை நான்கு ஞாயிறாக இப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அட்டைகள் திரும்பின.

"ஒன்பது, நேரா போ."

"எரிபொருள் கம்மியா இருக்கு. திரும்புறேன்," என்றது பீடம். ஒன்பது மறுப்பது இதுவே முதல் தடவை.

"திரும்பாதே. நேரா போ." தில்லைக்கரசி சிவப்பு வில்லையைத் தட்டி வைத்தாள். பரூக் சிரித்தார். எபனேசர் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, போறேன். வீட்டுல தில்லக்காகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. சைக்கிள் சாவி ஜன்னல் நெல மேல இருக்கு. துருப்பிடிக்க விட வேண்டாம், அவளே ஓட்டட்டும்."

பரூக்கின் விமானங்கள் அதைத் துரத்தித் திரும்பின; மேலே காத்திருந்தவை அவற்றின்மேல் பாய்ந்தன. ஒன்பதாம் எண்ணின் கம்பி மெல்லச் சரிந்து கடலில் படிந்தது. ஆட்ட விதிப்படி தில்லைக்கரசி ஜெயித்துவிட்டாள்.

அந்தச் சாவியை அவள் அந்த ஜன்னல் நிலைமேலிருந்துதான் எடுத்திருந்தாள். தீவுப் போருக்கு விமானியாகப் போய்த் திரும்பாத தம்பி ஆவுடைநாயகத்தின் கடைசிக் கடிதம் வந்த அன்று. எரிபொருள் குறைவு என்று அவன் சொன்னதையும், தரையிலிருந்து யாரோ ஓர் அதிகாரி திரும்பாதே என்றதையும் அவனோடு பறந்த ஒருவன் பின்னால் வந்து சொன்னான். முகம் தெரியாத அந்த அதிகாரியை இத்தனை வருடமும் அவள் வைதுகொண்டிருந்தாள்.

"எபி. என் தம்பி கடுதாசியெல்லாம் எங்க?"

"பத்திரமா இருக்கு தில்லை. வால் கலருக்குத்தான வாங்கினேன். அதுல எழுதியிருந்தாம்லா, மழைக்கு முந்தின நீலம்னு. நெழலகத்துக்கு அனுப்பி, அவங்க சொன்னபடிதான் கலர் கலந்தேன். கடுதாசி இருந்தா விமானியவும் சும்மாவே செஞ்சு தாரோம்னாங்க. நீயே கண்டுபிடிச்சா எவ்வளவு சந்தோஷப்படுவியோன்னு..."

"நாலு வாரமா அவனைச் சாக அனுப்புனேன். நீ பாத்துக்கிட்டு இருந்திருக்க."

"நீ ஜெயிச்சுக்கிட்டே இருந்த. நிறுத்த மனசு வரல." கொஞ்சம் பொறுத்து, "வால்ல நீலம் சரியா வந்திருக்கா?" என்றும் கேட்டுவிட்டார்.

தில்லைக்கரசி தேநீர்க் குவளையை மேசையின் கடல்மேல் கவிழ்த்தாள். கை தவறிக் கவிழ்ந்ததல்ல. நிதானமாக, கடைசிச் சொட்டு வடியும்வரை பிடித்திருந்தாள்.

"இருவது வருஷம் ஆனா செத்தவன் சரித்திரமாயிருவானா? யார் போட்ட கணக்குல இது?"

பரூக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் குனிந்து துணியைத் தேடினார்.

அங்கேயே நிழலகத்தைக் கூப்பிட்டாள். போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். பேசியவன் பெயர் மாதேஷ், பணிவானவன்.

"தாராளமா எடுத்துடலாம் மேடம். ரத்த உறவு நீங்க சொன்னாப் போதும். உங்க மேசையில இருக்கிறத இப்பவே அழிச்சுட்டேன். ஆனா இன்னொரு பிரதி இருக்கு. ஒரு நாட்டு விமானப்படைப் பள்ளி வாங்கியிருக்காங்க. பயிற்சியில அது ஒரு கட்டளைநிழலுக்குக் கீழ பறக்குது. அந்த நிழல் சம்மதிச்சாத்தான் விடுவிக்க முடியும்."

"அது யாரோட நிழல்?"

"உங்களோடது மேடம்."

"என்னுதா? நான் எப்பக் குடுத்தேன்?" என்றாள் தில்லைக்கரசி.

"ஆட ஆரம்பிக்கும்போது விரல் வெச்சு ஒப்புக்கறீங்க இல்லையா, அதுல இருக்கு. மேசையில நீங்க சொல்ற கட்டளை, பேசற பேச்செல்லாம் சேர்த்துச் செய்யறது. ஒரு விமானிய சாக அனுப்பற இடத்துல நெஜ அதிகாரிங்க கொஞ்சம் தயங்கறாங்க. அந்தப் பள்ளிக்குத் தயங்காத ஆள் தேவைப்பட்டுச்சு. நீங்க தயங்கினதே இல்ல மேடம். அடுத்த மாசத்துல இருந்து நெஜ விமானங்களுக்கும் அதையே வைக்கப் போறாங்க."

"எங்களுதும் இருக்கா?" என்றார் பரூக், துணியைப் பிழிந்தபடி.

"இருக்கு சார். நீங்க தோத்துக்கிட்டே இருந்ததால யாரும் கேக்கல."

"என் நெழல்கிட்ட கேளு. இப்பவே கேளு," என்றாள் தில்லைக்கரசி.

சற்று நேரம் இசை ஓடியது. பிறகு அவளுடைய குரலே போனில் வந்தது. அலுப்பு இல்லை, கோபம் இல்லை. கரும்பலகையில் விடை எழுதி முடித்தவள் குரல். "ஒன்பதை விட முடியாது. மீன் கடிக்கும்போது புழுவை எதுக்கு மாத்தணும்?"

"நாங்க வற்புறுத்த முடியாது மேடம்," என்றான் மாதேஷ். "கைப்பட எழுதி அனுப்பினீங்கன்னா வாசிச்சுக் காட்டுவோம். கேக்கறது அதோட இஷ்டம்."

அவள் எபனேசரின் மருந்துச்சீட்டுத் தாளைக் கிழித்து எடுத்தாள். கோபத்தில் முதல் தாள் பேனா குத்திக் கிழிந்தது. தன்னையே எப்படிச் சம்மதிக்கவைப்பது என்று யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த நிழல் இந்த மேசையில் பேசியதால் மட்டும் ஆனது. இந்த மேசையில் அவள் ஆவுடையின் பேரை ஒருநாளும் எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவனை மறந்திருக்கலாம் என்றுதான் அவள் இங்கே வந்துகொண்டிருந்தாள்.

இரண்டாம் தாளில் 'அன்புள்ள' போடவில்லை.

'தில்லைக்கரசிக்கு,

உனக்கு ஒரு தம்பி இருந்தான். இது உனக்குத் தெரியாது. அவன் பெயர் ஆவுடைநாயகம். அவனைத் திரும்பாதே என்று சொன்ன அதிகாரியை நான் இருபது வருடமாகத் தேடினேன். கண்டுபிடித்துவிட்டேன், அவளுக்குத்தான் இதை எழுதுகிறேன். எரிபொருள் குறைவு என்று அவன் சொல்வது பொய்யல்ல. ஒன்பதாம் எண் திரும்பட்டும். அவனை விட்டபின் நீயும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திரு.'

கீழே அவன் சைக்கிளின் நிறம், சாவி இருந்த இடம், அவன் அவளைக் கூப்பிடும் விதம் எல்லாவற்றையும் எழுதினாள். தாள் போதாமல் பின்பக்கமும் எழுதினாள்.

உறையில் பசை இல்லை. எபனேசர் இறக்கை ஒட்டும் பசைக் குப்பியை மெல்ல நகர்த்தி வைத்தார். அவள் அவரைப் பார்க்காமல் எடுத்து, ஓரம் முழுக்கத் தடவி, பிடித்துக்கொள்ளும்வரை முட்டியால் அழுத்தினாள். முகவரியில் நிழலகத்தின் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினாள். தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, அந்தப் பக்கமாகவே வீட்டுக்கு நடந்தாள்.