மூன்றாம் சுற்றில் ஒரு வழுக்கல்

காலை ஐந்தரைக்கு விடுதியில் நூற்றிருபது ஜோடிக் கைகள் எழுந்து பியானோ வாசிக்கத் தொடங்கின. கைகளின் சொந்தக்காரர்கள் எழுந்திருக்கவில்லை. கட்டிலோடு பொருத்தியிருந்த கட்டைகளின் மேல் விரல்கள் ஓட, அவர்கள் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். விடுதிக் காப்பாளருக்கு ஒரே கவலைதான்: எவனாவது புரண்டு படுத்தால் பக்கத்துக் கட்டில்காரனின் பியானோவை வாசித்துவிடுவான்.

சந்திரக் குடியேற்றத்தின் இசைக் கல்லூரியில் இதற்குப் பெயர் சாதகம். மணிக்கட்டுக்குள் புதைத்த 'விரலி' என்ற அரிசியளவுச் சில்லு, மூளையைத் தொந்தரவு செய்யாமல் நேரே விரல் நரம்புகளுக்கு உத்தரவு போடும். பாப், ராக், மெல்லிசை எல்லாம் அதிலேயே இருக்கும். மாணவன் கையை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

ஜாஸ் துறைத் தலைவர் லெஸ்லி பூபாலராயர் அந்த வராந்தாவைக் கடக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வார். நாற்றம் ஒன்றுமில்லை. அபிப்பிராயம்.

"பிணங்க! பிணத்துக்குக் கிச்சுகிச்சு மூட்டினாகூட இதைவிட நல்லா வாசிக்கும்" என்பார்.

அவர் துறையில் மட்டும் விரலிக்குத் தடை. ஜாஸ் என்பது எழுதிவைத்ததை வாசிப்பதல்ல, அந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பது என்று நாற்பது வருடமாகச் சொல்லிவந்தார். அதே சொற்களில், அதே இடத்தில் இருமி. இளமையில் ஒரு கச்சேரியில், மெட்டின் மூன்றாம் சுற்றில் அவருடைய சுண்டுவிரல் தவறிப் பக்கத்துக் கட்டையில் வழுக்கிவிட்டது. அரங்கமே எழுந்து கைதட்டியது. அன்று முதல் மூன்றாம் சுற்றில் அவர் வழுக்கத் தவறியதே இல்லை. பாடத்திட்டத்தில் அது நான்காம் அலகு.

துறையில் இப்போது மிஞ்சியிருந்தது எஸ்தர் என்ற ஒரே மாணவி. இரண்டு வருடத்தில் அவள் வாசித்து அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வகுப்பில் அவர் வாசிப்பார், அவள் கேட்பாள்.

இறுதித் தேர்வன்று இயக்குநர் மேனகா சிவஞானம் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்.

"ஒரு பொண்ணுக்காக ஒரு துறையா சார்? விரலி இல்லாம வாசிக்கறதுல அப்படி என்ன ஒசத்தின்னு காட்டுங்க. திரைக்குப் பின்னால ரெண்டு பேர் ஜாஸ் வாசிப்பாங்க. ஒருத்தி எஸ்தர். இன்னொருத்தன் விரலி போட்டவன். யார் எவர்னு காதாலயே சரியாச் சொல்லிட்டா துறை இருக்கும். இல்லேன்னா அந்த ரூமைச் சலவைக்கு விட்டுடுவேன்."

"என் காது இன்னும் சாகலம்மா. வாசிக்கச் சொல்லுங்க" என்றார் பூபாலராயர், காலின் மேல் கால் போட்டுக்கொண்டு.

முதல் வாசிப்பு தயங்கித் தொடங்கியது. ஒரு சின்ன மெட்டை எடுத்தது, பாதியில் விட்டது, நான்கு தாளம் சும்மா இருந்தது. பிறகு யாரோ அடக்கிவைத்த சிரிப்பு வெடித்தது போல, இதுவரை யாரும் போகாத பக்கமாக ஓடியது. அறை வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பூபாலராயர் முகத்தைச் சுளித்தார். "பழுதான சில்லு. கண்ட பக்கம் அலையுது. அடுத்தது!"

இரண்டாவது வாசிப்பில் இடக்கை ஒரு மயிரிழை தாமதமாக வந்தது. பூபாலராயர் நிமிர்ந்தார். இரண்டாம் சுற்றில் ஒரு பெருமூச்சு விட்டார். மூன்றாம் சுற்றில், உச்சியில், ஒரு சுண்டுவிரல் தவறிப் பக்கத்துக் கட்டையில் வழுக்கியது. அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"இதும்மா! இதான் மனுஷக் கை! இந்த வழுக்கலை எந்த இயந்திரம் வாசிக்கும்? எஸ்தர், கண்ணு, வெளியே வாம்மா!"

திரை விலகியது. பியானோ முன்னால் ரித்விக் என்ற பையன், தலை மார்பில் தொங்க, கடைவாயில் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கைகள் மட்டும் நான்காம் சுற்றை வாசித்துக்கொண்டிருந்தன. ஓரமாக நின்றிருந்த எஸ்தரின் கை ஈரமாக இருந்தது. வேர்வை.

"உங்க நாப்பது வருஷ வகுப்புப் பதிவைச் சில்லுல ஏத்தினோம் சார்" என்றார் மேனகா. "ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சுடுச்சு. அவ்வளவுதான் இருந்துச்சு."

பூபாலராயர் காலின் மேல் போட்டிருந்த காலை இறக்கினார்.

"பந்தயத்துல தோத்துட்டீங்க. ஆனா ஒரு விஷயம். இந்தப் பொண்ணு வாசிச்சது எந்த விரலியிலயும் கிடையாது, அவ வாசிக்கும்போதே தேடிப் பார்த்துட்டேன். நிர்வாகம் படிச்ச எனக்கே உடம்பு சிலிர்த்துடுச்சு. அது ஜாஸ்தான்னு மதிப்பெண் போட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. துறையை நான் காப்பாத்தறேன்."

மதிப்பெண் பலகை அவர் மடிக்கு வந்தது. அவர் எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ வாசிச்சியே, அது எந்த அலகு?"

"எதுலயும் இல்ல சார். வாசிக்கும்போது தோணுச்சு."

"நாலாம் அலகு எங்க? வழுக்கவே இல்லையே?"

"எனக்கு அங்க வழுக்கல சார்."

"வழுக்கலையாம்!" பூபாலராயர் மேனகாவைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார். "கேட்டீங்களா? நாப்பது வருஷமா கத்துக்குடுக்கறேன். அவங்கவங்க இஷ்டத்துக்கு வாசிச்சா அப்புறம் வாத்தியார் எதுக்கு?"

பேனா ஓடியது. எஸ்தர்: பாடத்திட்டத்தில் இல்லாதது, தேர்ச்சியில்லை. கீழே கையெழுத்து, அதன் வால் வழக்கம்போல் கொஞ்சம் வழுக்கி.

மேனகா பலகையைப் படித்துவிட்டுச் சலவைக்காரர்களுக்குச் செய்தி அனுப்பினார். எஸ்தர் பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். துடைப்பக்காரப் பெண் அவளுக்கு வழிவிட்டாள்.

கதவுச் சத்தத்தில் ரித்விக் விழித்துக்கொண்டான். கைகள் நின்றன. வாயைத் துடைத்தபடி திருதிருவென்று விழித்தான்.

"பாஸா சார்?"

"முதல் வகுப்புடா தம்பி" என்றார் பூபாலராயர், அவன் தோளைத் தட்டி. "என்னமா உணர்ந்து வாசிச்சே!"