உள் அறை யாருக்கு?

“உங்க மூணு ரூம்ல ஒரு ரூம் இல்லை” என்றாள் விடுதிக்காரி கலீனா.

நரின் மலையிலிருந்து அரை நாள் வேனில் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கியவர்களிடம் பேசுகிற முதல் பேச்சா இது? மேரிம் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லைன்னா? போன மாசமே சொல்லிவெச்சோமே!” என்று சூரா அத்தை இடுப்பில் கைவைத்தாள்.

“குழாய் வெடிச்சிடுச்சும்மா. கட்டில் மிதக்குது. ஆகஸ்ட் மாசம், வேற ரூமும் காலி இல்லை. கீழே ஒண்ணு இருக்கு, உள்ளே வெளியேன்னு ரெண்டா தடுத்தது. மாடியில ஒண்ணு இருக்கு. பார்த்துப் பிரிச்சுக்குங்க.”

அம்மா இருமினாள். மார்ச் மாதம் நிமோனியா வந்து, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவள் அவள். “பத்து நாள் இசிக்-குல் ஏரிக்காத்து. படுக்கை. ஓய்வு. படி ஏறவே கூடாது” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தப் பயணமே அம்மாவுக்காகத்தான். தாத்தா ஒரு குதிரையை விற்றுத்தான் எல்லோரையும் கூட்டி வந்திருந்தார்.

எட்டுப் பேர். அத்தை மேசைமேல் எட்டு ஆப்ரிகாட் பழங்களை வரிசையாக வைத்தாள்.

“இது அப்பா. முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. கீழே” என்று பெரிய பழத்தைத் தாத்தாவாக்கித் தள்ளினாள். “இது குல்சாத், மேரிமோட அம்மா. அவளும் கீழே. இது அவ புருஷன் மெலிஸ், இது மேரிம். மாடியில நானும் என் மூணு வானரங்களும்.”

“சரி, கீழே உள் அறை யாருக்கு?” என்று கேட்டாள் கலீனா.

எல்லோரும் அவளை ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டவளைப் போலப் பார்த்தார்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது? வாசலிலிருந்து தள்ளி, உள்ளே கடைசியில் இருக்கும் இடம் தோர். தோர் என்றால் மரியாதைக்குரிய இடம். அது வீட்டின் பெரியவருக்கு. மருமகளுக்கு வாசலோரம். கூடாரத்தில் வாழ்ந்த காலத்திலிருந்து அப்படித்தான்.

அதற்குள் அத்தையின் கடைக்குட்டி தெமிர் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

“அடப்பாவி! உன் மெலிஸ் மாமாவைத் தின்னுட்டியேடா!”

அப்பாகூடச் சிரித்துவிட்டார். மேரிம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வெளி அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கூடத்துக் கதவைத் திறந்தால் நேரே அம்மாவின் சோபாதான். பக்கத்தில் குளிர்பெட்டி, கெட்டில், கோப்பைகள். ஜன்னலே இல்லை. ஏரிக்காற்று எங்கிருந்து வரும்?

அடுத்த நாள் நிலைமை அதைவிட மோசமானது.

தாத்தா உள் அறையிலிருந்து எங்கே போவதென்றாலும் அம்மாவின் சோபாவைத் தாண்டித்தான் போகவேண்டும். கழிப்பறை கூடத்தில் இருந்தது. மாமனார் வந்தால் மருமகள் உட்கார்ந்திருக்கலாமா? அம்மா எழுந்து நின்றாள். தாத்தா திரும்பி வந்தார். மறுபடியும் எழுந்து நின்றாள். தாத்தா மூக்குக்கண்ணாடி எடுக்கப் போனார். எழுந்தாள். மறந்துபோன தொப்பிக்காக வந்தார். எழுந்தாள்.

“உக்காரும்மா, உக்காரு. உடம்பு சரியில்லாதவ” என்று தாத்தா ஒவ்வொரு தடவையும் கெஞ்சினார்.

“பரவாயில்லை மாமா” என்று அம்மா ஒவ்வொரு தடவையும் நின்றாள். நின்று, இருமி, சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

மேரிம் எண்ணினாள். மத்தியானத்துக்குள் பத்தொன்பது தடவை.

“ஏம்மா எழுந்துக்கிறே? தாத்தாதான் வேணாங்கிறாரே!”

“எனக்கும் தெரியுதுடி. ஆனா கால் எங்கே கேக்குது? பன்னெண்டு வருஷப் பழக்கம். அவர் செருமினாலே கால் தானா நின்னுடுது.”

“அப்ப நீ உள் அறைக்குப் போயிடு.”

அம்மாவின் முகம் வெளுத்தது. “மாமாவை வாசலோரத்துல படுக்கவெச்சுட்டு நான் தோர்ல காலை நீட்டிப் படுக்கிறதா? இன்னொரு தடவை சொல்லாதே. காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க!”

மேரிம் அப்பாவிடம் ஓடினாள். அவர் வேனுக்கு அடியில் படுத்திருந்தார்.

“நான் என்னடா பண்ணுவேன், கண்ணு? இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் உங்கம்மா. இருதலைக் கொள்ளி எறும்பு நான். அந்த ஸ்பானரை எடு.”

அத்தையிடம் போனால் இன்னும் மோசம். “பெரியவங்க விஷயத்துல மூக்கை நுழைக்காதே. நானெல்லாம் மாமனார் முன்னால பிரசவ வலியோட நின்னிருக்கேன், தெரியுமா?”

தெமிர் உடனே, “என்னோட பிரசவமா?” என்று ஆர்வமாகக் கேட்டான். அவனுக்கு ஒரு குட்டு விழுந்தது.

சாயங்காலம் மேரிம் உள் அறைக்கு, அவர்கள் ஊர் வழக்கப்படி உப்புப் போட்ட பால்தேநீர் கொண்டுபோனாள். தாத்தா கட்டில் விளிம்பில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மத்தியானத் தேநீர் ஆடை கட்டி அப்படியே இருந்தது. அதற்கு முந்தைய கோப்பையும் அப்படியே.

“ஏன் தாத்தா குடிக்கலை? உப்பு பத்தலையா?”

“குடிச்சா வெளியே போகணும்” என்றார் தாத்தா மெதுவாக. “போனா அந்தப் பொண்ணு எழுந்து நிக்கும். இருமும். அதைப் பார்க்க என்னால ஆகலை, மேரிம். அதான் காலையிலேருந்தே குடிக்கலை.”

வெளியே அம்மா, உள்ளே தாத்தா. ஒருவரையொருவர் வதைக்கக்கூடாது என்று நினைத்தே இரண்டு பேரும் வதைபட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப நீங்களே அம்மாவை இங்கே படுக்கச் சொல்லுங்களேன்.”

“சொன்னேனே! காலையிலேயே சொல்லிட்டேன். ‘என்ன தப்பு பண்ணினேன் மாமா’ன்னு அழ ஆரம்பிச்சுட்டா.” தாத்தா பெருமூச்சு விட்டார். “நாளைக்குக் காலைச் சாப்பாடு முடிஞ்சதும் நான் ஊருக்குக் கிளம்புறேன். நான் இல்லாட்டா அவ படுப்பா.”

ஆனால் அப்படி நடக்கவில்லை. தாத்தா போகிறார் என்றதுமே அம்மா பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். மாமனார் போனபிறகு மருமகள் ஏரிக்கரையில் உல்லாசமாக இருப்பதா? அம்மா போனால் அப்பா போவார். அப்பா போனால் வேன் போகும். வேன் போனால் எல்லோரும் போகவேண்டியதுதான். வந்தது வீண். குதிரை விற்றதும் வீண்.

மறுநாள் காலை எல்லோரும் வெளிச்செருப்பைக் கூடத்திலேயே விட்டுவிட்டு, விடுதிக்குள் போடும் உள்செருப்போடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். மேரிமுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. யாரும் பார்க்காதபோது நழுவி விடுதியின் பின்பக்கம் போய், கொடியில் காயும் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எதிரே நீலமாக அவ்வளவு பெரிய ஏரி. அம்மா இன்னும் அதை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. ஊருக்குப் போனால் வேலைதான். குளிர்காலம் வந்துவிடும். அம்மாவுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தால்?

“என் போர்வையிலதான் மூக்கைத் துடைக்கணுமா?” என்றாள் கலீனா, கூடையோடு வந்து.

மேரிம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கலீனா கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினாள். “நான் இந்த ஊர்லயே பொறந்தவ. உங்க மருமகளுங்களை எனக்குத் தெரியும். செத்தாலும் தோர்ல படுக்க மாட்டாங்க. ஒண்ணும் பண்ண முடியாது, கண்ணு.”

மேரிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு விடுதிப் பக்கம் திரும்பினாள். சுவரில் ஓர் உயரமான கண்ணாடி. அதற்குள் தாத்தாவின் கட்டில் தெரிந்தது.

“அது ஜன்னலா?”

“கதவு. தோட்டத்துப் பக்கம் திறக்கும். கட்டிலைக் குறுக்கே போட்டதால பூட்டியே வெச்சிருக்கேன்.”

மேரிம் அந்தக் கதவைப் பார்த்தாள். கதவுக்கு உள்ளே தாத்தாவின் அறை. அதைத் தாண்டி, கடைசியில், அம்மாவின் சோபா. அவள் துள்ளி எழுந்தாள்.

“சாவி இருக்கா? சீக்கிரம்! எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள!”

கலீனா கட்டிலை நகர்த்தினாள். துருப்பிடித்த பூட்டு இரண்டு வசவுக்குப் பிறகுதான் திறந்தது. மேரிம் கூடத்துக்கு ஓடினாள். மாடியில் தங்குபவர்களும் கீழேதான் செருப்பு விடவேண்டும், ஒரு குடும்பத்துக்கு ஒரு வாசல்தான் என்பது அத்தை போட்ட சட்டம். அந்த எட்டு ஜோடிகளையும் அள்ளி அள்ளித் தோட்டத்துக் கதவின் முன்னால் வரிசையாக அடுக்கினாள். தாத்தாவின் முழங்கால் பூட்ஸ் மட்டும் அவள் கனம் கனத்தது.

ஐந்து நிமிடத்தில் கூடத்தில் ஒரே களேபரம்.

“ஐயையோ, செருப்பெல்லாம் காணோம்! திருடன்!” என்று அலறினாள் அத்தை.

“அம்மா, இங்கே இருக்கு! தோட்டத்துல!” என்று கத்தினான் தெமிர்.

உள்செருப்போடு எல்லோரும் விடுதியைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அம்மாதான் கடைசி, மூச்சு வாங்க வாங்க. தாத்தா கையில் தன் பையை வைத்திருந்தார். தன் பூட்ஸைப் பார்த்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார்.

“யார் வேலை இது?”

மேரிம் முன்னால் வந்தாள். “நான்தான் தாத்தா. இனிமே இதுதான் நம்ம வாசல். அப்படின்னா... அப்படின்னா தோர் அந்தக் கடைசியில இருக்கு. சோபா இருக்கிற அறை.”

அத்தைதான் முதலில் பாய்ந்தாள். “வாயைப் பாரு! நேத்துவரைக்கும் அது வாசலோரம், இன்னைக்குத் தோரா?”

தாத்தா பையைக் கீழே வைத்தார்.

“சூரா, செருப்பு எங்கே இருக்கு?”

“இதோ, இங்கேதான்.”

“அப்ப வாசல் எங்கே?”

அத்தையின் விரல் தானாகத் தோட்டத்துக் கதவைக் காட்டியது.

தாத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, விருந்துக்குப் போகிறவரைப் போல நிதானமாக அந்தக் கதவு வழியாக நுழைந்தார். முதல் அறையைக் கடந்து, கடைசியில் இருந்த சோபாவில் போய்ச் சம்மணம்போட்டு அமர்ந்தார்.

“நல்ல தோர்!” என்றார் அங்கிருந்தே உரக்க. “கழிப்பறையும் பக்கத்துல.”

அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

“அம்மாடி குல்சாத்” என்று தாத்தா கூப்பிட்டார். குரலில் கொஞ்சமும் சிரிப்பில்லை. “உனக்கு என்னவோ வாசலோரத்துக் கட்டில்தான். காத்து அடிக்கும். ஏரி வேற கண்ணுல குத்தும். மருமகளாச்சே, பொறுத்துக்கத்தான் வேணும்.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “சரி மாமா” என்றாள்.

“நடுக் கதவைச் சாத்துங்க. தோர்ல இருக்கிறவனுக்குக் குளிருது. எனக்கு வேணும்னா இந்தப் பின்கதவு வழியா கூடத்துக்குப் போய்க்கிறேன்.”

கதவு சாத்தப்பட்டது. அம்மா கட்டிலில் சாய்ந்தாள். ஏரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு தடவை இருமினாள். அப்படியே தூங்கிப்போனாள்.

அவள் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழப் போனாள்.

“ஐயோ! மாமாவுக்குத் தேநீர்!”

“குடிச்சாச்சு. அத்தை போட்டாங்க” என்றாள் காலடியில் உட்கார்ந்திருந்த மேரிம். “உப்பை அள்ளிக் கொட்டிட்டாங்க. ஆனாலும் தாத்தா ஆறு கோப்பை குடிச்சுட்டார்.”

அம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு, ஏரிப் பக்கமாகத் திரும்பிப் படுத்து, மறுபடியும் தூங்கிவிட்டாள்.