பெயிண்ட் பிடிக்காத சுவர்

பைக்கில் முன்னாலும் பின்னாலும் பெயிண்ட் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு ராபின் கரியாலூர் வந்து சேர்ந்தபோது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மழை இல்லை; வியர்வை. ஆவணி மாதம், மேலே மேகம் மூடிக்கிடக்க, தரையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. மலை என்றால் குளிரும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

கூலிக்கு வந்த வேலை இல்லை இது. தங்கச்சி ஏஞ்சலின் வாழப்போகிற வீடு. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் ஏதோ சாக்குச் சொல்லி நழுவிவிட, கடைசியில் அமைந்த மாப்பிள்ளை சேவியர்ராஜ். அருவிக்குப் போகிற ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். முதல் மனைவி போன வருஷம் ஜுரத்தில் செத்துப்போனாள், பிள்ளை இல்லை. மாதா கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அதோடு பேச்சு முடிந்தது.

"வாங்க மச்சான்! வூடு நல்ல வூடுதான். மேக்கால செவுரு மட்டும் மானத்த வாங்குது," என்று சேவியர்ராஜ் சிரித்துக்கொண்டே கூட்டிப்போனார்.

சுவரின் வெளிப்பக்கம், ஜன்னலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கறை இருந்தது.

"பாசி மச்சான். மலையில எல்லா வூட்லயும் இருக்கு."

பாசியாம்! பாசி தரையிலிருந்து பச்சையாக ஏறும். இது, ஒரு பெண் கீழே உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில் இருந்தது. எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து ஊறிய கறை. அதற்குக் கீழே முதுகு அகலத்துக்கு ஈரம். பெயிண்டர் கண்ணுக்கு இது தெரியாதா? தெரிந்தது. வெட்டவெளியில், மழைக்கு ஒதுங்கக்கூட வழியில்லாத இடத்தில், யார் இப்படி உட்கார்ந்து கிடந்தார்கள் என்று கேட்க வாயெடுத்தான். அமைந்த சம்பந்தம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டான்.

சுரண்டினான், சோடா போட்டுக் கழுவினான், காயவிட்டு பிரைமர் அடித்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அதே இடத்தில் பிரைமர் உப்பிக்கொண்டு நின்றது. ஈரச் சுவரில் பூசினால் கொப்பளம் வருவது உலக வழக்கம்தான். ஆனால் இந்தக் கொப்பளத்துக்குத் தலை இருந்தது, கழுத்து இருந்தது, குறுகிய தோள் இருந்தது.

கத்தியால் குத்தினான். தண்ணீர் வழிந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

தேங்காய் எண்ணெய் வாசனையும், காய்ச்சல்காரர் படுக்கை வாசனையும் சேர்ந்து அடித்தது.

"அத நோண்டாதீங்க." பின்னாலிருந்து வந்த குரலில் ராபின் துள்ளி விழுந்தான். கடையில் பாத்திரம் கழுவுகிற தைலம்மாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கிசுகிசுத்தாள். "அது மொத சம்சாரம் செபஸ்தியம்மா குந்தியிருந்த எடம். கொழம்புல உப்பு ஜாஸ்தின்னா வெளியில தள்ளிக் கதவ சாத்திக்குவாரு அந்த ஆளு. மழையோ பனியோ, விடியற வரிக்கும் இங்கதான் சாஞ்சிக்கினு கெடக்கும். கடைசியா தொறந்தப்ப ஒடம்பு நெருப்பா கொதிச்சிது. அதோட பூட்ச்சு."

"இத்த ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"என்ன யாரு கேட்டாங்க? நீங்க கேட்டீங்களா?"

ராபின் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். சுவரை ஒட்ட உலர்த்தி, தண்ணீர் புகாத பெயிண்டை எடுத்து, இரண்டு கோட்டு கெட்டியாக அடித்தான். வேலைக்காரி ஆயிரம் சொல்லுவாள். பத்திரிகை ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. அம்மா முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மூடினான்.

மறுநாள் காலை சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. சுண்ணாம்பில் ஊறிக் காய்த்துப்போன அவன் கைக்கு ஈரம் தெரியாது. கன்னத்தை வைத்துத்தான் பார்ப்பான். வைத்தான். சருகாகக் காய்ந்திருந்தது. அப்பாடா என்று பையை எடுக்க உள்ளே போனான்.

கல்யாணத்துக்கென்று வாங்கிப்போட்ட கட்டிலுக்கு மேலே, அதே சுவரின் உள்பக்கத்தில், கறுப்பாக ஊறிக்கொண்டிருந்தது.

வெளியே அடைத்தால் ஈரம் உள்ளே வரும். தொழில் பழகிய முதல் வாரத்தில் படித்த பாடம் அது. பாடாவதிப் புத்திக்கு இப்போதுதான் உறைத்தது.

கால் தானாக நடந்தது. கன்னத்தை வைத்தான்.

சுவர் சுட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மெல்ல மூச்சு விட்டார்கள்.

பையை விட்டுவிட்டு ஓடிவந்தவன், வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல நினைத்தபோதெல்லாம் அம்மா ஏதாவது கல்யாண வேலை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். "தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று நிறுத்தினார். வெளியே வெயில் கொளுத்தியது. ராபின் எழுந்திருக்கப் பார்த்தான். எழுந்திருடா பாவி, உன் கூடப்பிறந்தவள்டா என்று தனக்குள்ளே கதறினான். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

பெண்கள் பக்கத்தில் யாரோ எழுந்தார்கள்.

ஏஞ்சலின்.

"தட இருக்கு சாமி."

அது அவள் குரல் இல்லை. சளி கட்டி, கம்மி, கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோன குரல்.

"அவுரு கதவ தொறக்க மாட்டாரு சாமி."

அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அம்மா அவளைப் பிடித்து உட்காரவைத்தபோது, "நான் எப்பம்மா எழுந்தேன்?" என்று விழித்தாள். அவள் ஒரு தடவைகூட கரியாலூருக்குப் போனதில்லை.

அப்புறம்தான் ராபினுக்கு வாய் வந்தது. தைலம்மாள் சொன்னதையெல்லாம் சாமியாரிடம் கொட்டினான். கல்யாணம் அங்கேயே நின்றது. அம்மா அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வீடு வந்து சேர்ந்தார்கள். அம்மா பூட்டைத் திறந்து உள்ளே போனாள், ராபின் பின்னால் போனான். ஏஞ்சலின் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டாள். உச்சி வெயிலில் அவள் காலடி மண் நனைந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா, வா," என்றான் ராபின்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவனை முன்பின் தெரியாதவள் பார்க்கிற பார்வை.

"உள்ள வரட்டுங்களா?"

ராபினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றான்.

"வாங்க," என்றான்.