கைலியில் ஒரு போர்க்கவசம்

பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டு அன்பரசி எடுத்த சீட்டில், "இடைக்கால ஐரோப்பாவின் கவசமும் ஆயுதமும்" என்று எழுதியிருந்தது.

சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வேறு ஏதாவது நல்ல தலைப்பு இருக்கக் கூடாதா? வெறும் வெள்ளைத் தாள்தான் இருந்தது.

பக்கத்து மேசை முரியலுக்குப் 'பழைய ரப்பர் தோட்டங்கள்' விழுந்திருந்தது. அவளுக்கென்ன! அவள் வீட்டுப் பின்கட்டிலேயே பால் வாளியும் மரம் சீவும் கத்தியும் கிடக்கும். ஐரோப்பாக்காரனின் இரும்புச் சட்டைக்கு பாமாயில் தரும் இந்தச் செம்பனைத் தோட்டத்தில் அன்பரசி எங்கே போவாள்?

"டீச்சர், வேற சீட்டு எடுக்கலாமா?"

"கூடாது" என்றார் திலகா டீச்சர். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. யாரோ சொன்னாங்க, எங்கேயோ பார்த்தேன், அதெல்லாம் எனக்கு வேணாம். எந்த நூல், எந்தப் பக்கம், அதை எழுதணும். எழுதினபடியே ஒரு பொருள் செய்யணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நான் பார்ப்பேன். சரியா இருந்தாத்தான் கோல சிலாங்கூர் நூலகக் கண்காட்சிக்குப் போகும்."

அன்பரசிக்கு அந்தக் கண்காட்சிக்குப் போயே ஆக வேண்டும். போன வருடம் அவள் குழுவின் வேலை பாதியில் நின்றுபோனது. மற்றவர்கள் மேசைக்குப் பின்னால் நின்று பேச, அவள் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாள். இன்னொரு தடவை அப்படி நிற்க முடியாது.

இந்த வருடம் அவளுக்குக் கிடைத்த கூட்டாளியோ பவனேஷ். அடுத்த வீட்டுக்காரன். எந்நேரமும் கைப்பேசியில் சண்டை விளையாட்டு விளையாடுகிறவன்.

"வாள்லா, அன்பு! வாள்!" என்று நாற்காலியில் குதித்துக்கொண்டிருந்தான் அவன்.

மறுநாளே ஐந்து தாள்களோடு அவள் வீட்டுக்கு வந்து நின்றான். ஐந்து இணையப் பக்கங்களில் இருந்து எடுத்ததாம்.

"பாரு, அந்தக் கால வாளோட எடை இருபது கிலோ! அஞ்சு பேர் எழுதியிருக்காங்க. வேலை முடிஞ்சுது."

அன்பரசி ஐந்து தாள்களையும் வரிசையாகப் பரப்பிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கியது.

"அஞ்சுலயும் ஒரே வாக்கியம் இருக்கு. 'ஒரு வாளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.' ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்காங்க."

"அஞ்சு பேர் சொன்னா உண்மைதானே?"

"போன மாசம் நம்ம வகுப்புல அஞ்சு பேர் முரியலோட கணக்கைப் பார்த்து எழுதினாங்களே? அஞ்சும் தப்பாத்தானே இருந்துச்சு?"

அந்த ஐந்து பேரில் பவனேஷும் ஒருவன். கொஞ்ச நேரம் அவன் கூரையைப் பார்த்தான்.

"சரி, வா" என்று அவனை வீட்டுச் சமையலறைக்கு அழைத்துப் போனாள் அன்பரசி. மூலையில் பத்துக் கிலோ அரிசிப் பை இருந்தது. "இது பாதி வாள். இதை ஒரு கையால சுத்திக் காட்டு."

"சின்ன விஷயம்லா" என்றான் பவனேஷ். பையின் காதைப் பிடித்துத் தூக்கினான். அரைச் சுற்றுதான் சுற்றியிருப்பான். அரிசிப் பை ஒரு பக்கம் போனது. பவனேஷும் அதன் பின்னாலேயே போய் வெங்காயக் கூடையில் உட்கார்ந்தான்.

"அன்பரசி!" கூடத்தில் இருந்து அம்மா விமலாவின் குரல் வந்தது. "என்னாடி அங்கே விழுந்துச்சு?"

"ஐரோப்பாம்மா!"

சனிக்கிழமை அப்பா கணேஸ்வரன் இருவரையும் நூலகத்தில் இறக்கிவிட்டார். அவர் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஒரு நாள்தான் அவருக்கு ஓய்வு. "பன்னிரண்டு மணிக்கு வருவேன். வாசல்ல நிக்கணும்" என்று சொல்லிவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போனார்.

நூலகத்தில் தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. மலாயில் கிடைத்தது முழுக்கப் படப் புத்தகம். கடைசியில் ஓர் ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டது. தலையணை மாதிரி இருந்தது. படம் ஒன்றுகூட இல்லை. பழைய காலத்துக் கடிதங்கள், ஆணைகள், பொருள் பட்டியல்கள் எல்லாம் பொடி எழுத்தில் வரிசையாக இருந்தன.

"படம் இல்லாத புத்தகத்தை யாருலா அச்சடிச்சாங்க?" என்று கொட்டாவி விட்ட பவனேஷ், ஐந்தாவது நிமிடம் மீன் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டான்.

அன்பரசி பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். ஒரு வரியில் நான்கு சொல் புரியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் எழுந்து போய் அகராதியைப் புரட்டினாள். திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டோம் என்பது மறந்துவிடும். இரண்டு தடவை அழுகை வந்தது. இரண்டு தடவையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

முதலில் வாளின் எடை கிடைத்தது. ஒரு கையால் பிடிக்கும் சாதாரண வாள் ஒன்றரைக் கிலோகூட இருக்காதாம்!

அதன் பிறகு கிடைத்ததுதான் புதையல். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் பிரான்ஸ் நாட்டு அரசர் ஒருவர் தம் காலாட்படைக்குப் போட்ட ஆணை அது. எல்லாருக்கும் இரும்புச் சட்டை கொடுக்க முடியுமா? துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கி, மேலே ஒரு மான் தோலை வைத்துத் தைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். முப்பது மடிப்பு. அதுவும் புதுத் துணி கூடாது. உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன பழைய துணிதான் நல்லதாம்.

அன்பரசி 'முப்பது' என்று குறித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் அப்பாவின் கார் ஹாரன் அடித்தது.

"துணியா?" காரில் அவள் சொன்னதைக் கேட்ட பவனேஷுக்கு முகம் தொங்கிவிட்டது. "நான் கவசம் செஞ்சு முடிச்சிட்டேன், அன்பு. நாலு நாள் வேலை."

அன்று மாலை அதைப் போட்டுக்கொண்டு வந்தான். தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டையை வெட்டி, மேலே அலுமினியத் தாள் ஒட்டியிருந்தான். தோளில் முள், மார்பில் சிங்கம், தலையில் அலுமினியச் சட்டி. நடந்தபோது கடமுடவென்று சத்தம் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"எந்த நூல்ல இருக்கு?" என்று கேட்டாள் அன்பரசி.

"என் விளையாட்டுல இருக்கு."

"பவனேஷ்!"

"பார்க்கிறவங்களுக்குப் பளபளன்னு இருக்கணும்லா. உன் துணிமூட்டையை யார் பார்ப்பா? ஒரு குத்துக்குத் தாங்குமா அது?"

"இது தாங்குமா?" கோபத்தில் அன்பரசி மேசை மேல் கிடந்த, இறைச்சி கோக்கும் கூரான சாத்தே குச்சி ஒன்றை எடுத்துச் சிங்கத்தின் மூக்கில் லேசாகக் குத்தினாள்.

லேசாகத்தான் குத்தினாள். குச்சி பொசுக்கென்று உள்ளே போய்விட்டது.

பவனேஷ் குனிந்து ஓட்டையைப் பார்த்தான். தலையிலிருந்த சட்டியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அன்பரசிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனால் இப்போது எரிச்சல் தன் மேலேயே திரும்பியிருந்தது. அவன் சொன்னது தப்பு. ஆனால் நாலு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருக்கிறான். அந்தச் சிங்கத்துக்குப் பிடரிமயிர்கூட ஒவ்வொன்றாக வெட்டியிருந்தான்.

மறுநாள் காலையில் அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"குத்தினது தப்பு. ஸாரி."

கதவு மூடியே இருந்தது.

"எனக்கு ஆள் வேணும். சட்டை தைக்கணும்னா உடம்பு அளவு வேணும். என் தோள் சின்னது. போர்வீரன் தோள் மாதிரி இல்ல."

கதவு கொஞ்சம் திறந்தது. "என் தோளு?"

"பரவாயில்ல. இருக்கு."

"சட்டி என் தலையிலதான் இருக்கும். அதுதான் பேச்சு" என்றான் பவனேஷ்.

"அந்தக் கால வீரனும் இரும்புத் தொப்பி போட்டிருந்தான். சட்டி இருக்கட்டும்."

அடுத்த தடை அம்மா.

"பழைய கைலியா? எட்டா?" விமலா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "நான் என்னா கைலிக் கடையா வெச்சிருக்கேன்? கிழிஞ்சதெல்லாம் தரை துடைக்க எடுத்து வெச்சிருக்கேன்டி."

"ஒரு கைலியில முன்பக்கத்துக்கு நாலு மடிப்பு, பின்பக்கத்துக்கு நாலு மடிப்பு வரும்மா. எட்டுல முப்பது வந்திடும்."

"எந்த ராசா இப்படிச் சொன்னாரு?"

"பிரான்ஸ் ராசா."

"அவரு வீட்டுல தரை துடைக்க ஆள் இருந்திருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே விமலா எட்டுக் கைலிகளை எடுத்துப் போட்டார்.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாள் மாலையும் தையல்தான். பத்துப் பத்து மடிப்பாக மூன்று கட்டு. சாதாரண ஊசி இரண்டு உடைந்தது. அப்பா சாக்குத் தைக்கும் கோணி ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தார். மான் தோலுக்கு எங்கே போவது? பழைய மோட்டார் சைக்கிள் இருக்கையின் உறையைக் கழற்றி மேலே வைத்தாள். அதையும் ஒளிக்காமல் அறிக்கையில் எழுதினாள்: 'மான் கிடைக்கவில்லை.'

பவனேஷ் கைகளை விரித்துக்கொண்டு, அன்பரசி நகலை ஒட்டியிருந்த சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். கைப்பேசி கூடாது என்று விமலா சொல்லிவிட்டார்.

"வேர்க்குதுலா! அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு!"

"ஆடாதே!"

"முதுகு அரிக்குது!"

"அரிக்கட்டும்!"

வெள்ளிக்கிழமை வந்தது. வகுப்பின் முன்னால் பவனேஷ் நீலமும் பச்சையுமாகக் கட்டம் போட்ட கவசத்தில், தலையில் சட்டியோடு நின்றான். பின்வரிசையில் யாரோ, "மாப்பிள்ளை குளிக்கக் கிளம்பிட்டாரு!" என்றதும் வகுப்பே சிரித்தது. அன்பரசிக்குக் காது சுட்டது.

திலகா டீச்சர் சிரிக்கவில்லை. அறிக்கையைப் படித்தார். நகலைப் பார்த்தார். அன்பரசி கவசத்தை மேசை மேல் கழற்றி வைத்து ஒரு சாத்தே குச்சியை நீட்டினாள். டீச்சர் ஓங்கிக் குத்தினார். குச்சி இரண்டாக முறிந்தது. இன்னொரு குச்சி வாங்கிக் குத்தினார். அதுவும் முறிந்தது. வகுப்பில் சிரிப்பு நின்றது.

"நல்லா இருக்கே!" என்றார் டீச்சர். "முப்பது மடிப்புன்னு எழுதியிருக்கே. எண்ணிடலாமா?"

அடிக்கோலால் ஓரத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி எண்ணினார். முதல் கட்டில் பத்து. இரண்டாவதில் பத்து. மூன்றாவதில் எட்டு.

அன்பரசி கவசத்தின் மேல் குனிந்தாள். மூன்று கட்டையும் அவளே எண்ணித் தைத்தாள். எப்படிக் குறையும்?

"மறுபடி எண்ணுங்க டீச்சர்."

மறுபடியும் இருபத்தெட்டுதான்.

"தப்பு என்னோடதுதான்" என்றாள் அன்பரசி. பேனாவை எடுத்து அறிக்கையில் 'முப்பது' என்பதை அடித்துவிட்டு 'இருபத்தெட்டு' என்று எழுதினாள். "இருக்கிறதைத்தான் எழுதணும் டீச்சர். ஆனா நூல்ல முப்பது. நாங்க செஞ்சது சரியில்ல."

"அது வந்து..." என்றான் பவனேஷ்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மெதுவாகச் சட்டியைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினான். உள்ளே, கட்டம் போட்ட கைலித் துணி இரண்டு மடிப்பு, பசையால் ஒட்டியிருந்தது.

"சட்டி மண்டையைக் குத்துச்சு. அதான் நேத்துத் தையலைப் பிரிச்சு உள்கட்டுல ரெண்டை உருவிட்டேன்."

"பவனேஷ்!" என்று கத்தியேவிட்டாள் அன்பரசி. "என்கிட்ட கேட்டியா? முப்பதுன்னு நான் எத்தனை தடவை..."

"இரு, அன்பு. முப்பது இல்லேன்னா குறைஞ்சது இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. இருபத்தஞ்சு வரைக்கும் உருவலாம். நான் ரெண்டுதான் உருவினேன்."

"எங்கே போட்டிருக்கு?"

"அதே வரியிலதான்லா. முப்பதுக்குப் பக்கத்துல."

திலகா டீச்சர் நகலைக் கண்ணருகே கொண்டுபோனார். விரலை வைத்துப் படித்தார். "ஆமா" என்றார். "இருக்கு."

அன்பரசி எட்டிப் பார்த்தாள். இருந்தது. அகராதிக்கு எழுந்து போய்த் திரும்பியபோது அந்த நாலு சொல்லைத் தாண்டி அவள் கண் குதித்திருந்தது.

"நீ எப்போ இதைப் படிச்சே?"

"மூணு நாள் என்னைச் சுவரைப் பார்த்து நிக்க வெச்சியே, அந்தத் தாளைச் சுவத்துல நீதானே ஒட்டினே? வேற என்னா இருந்துச்சு பார்க்க? முதல் நாள் ஒண்ணுமே புரியல. மூணாவது நாள் எல்லாம் மனப்பாடம்."

திலகா டீச்சர் வேறு பக்கம் திரும்பி, சிரிப்பை மறைக்க இருமினார். பிறகு கண்காட்சிப் பட்டியலை எடுத்து இருவர் பெயரையும் எழுதினார். "சட்டியையும் கொண்டுவாங்க. அது எந்தக் கடையில வாங்கினது?"

"எங்கம்மா அதை இன்னும் அடுப்படியில தேடிக்கிட்டு இருக்காங்க டீச்சர்" என்றான் பவனேஷ்.

வகுப்பு மறுபடி சிரித்தது. இந்தத் தடவை அன்பரசியும் சிரித்தாள். அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் இரண்டு வரி சேர்த்தாள்.

'தைத்தவர்: அன்பரசி.
அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தவர்: பவனேஷ்.'