மையாடாத ஏடுகள்

ஆவணித் திங்கள் முழுநிலா நாள் அது. மேற்கே பொதியமலைச் சிகரங்களுக்குப் பின்னால் கதிரவன் இறங்கி மறைய, கிழக்கே தென்னஞ்சோலைகளின் மேலாக நிலவு எழும்பி வர, இரண்டுக்கும் நடுவே பொருநை நதி பாதி செம்பாகவும் பாதி வெள்ளியாகவும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அழகை இன்னும் இரண்டு பக்கம் வர்ணிக்க நமக்கு ஆசைதான். ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, வடகரையிலுள்ள வெண்குன்றத்தின் படிகளில் அறுபது வீரர்கள் பந்தங்களுடன் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே நாம் மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

குன்றின் உச்சியில், பாறையைக் குடைந்து அமைத்த சமணப் பள்ளியின் மண்டபத்தில், குணநங்கை மடியில் ஓர் ஏட்டுக்கட்டுடன் உட்கார்ந்திருந்தாள். துறவு பூணாதவள்; மூன்று ஆண்டுகளாகப் பள்ளியில் தங்கி நூல் எழுதும் மாணாக்கி. அவள் எழுதி வந்தது உருக்கு நூல். இரும்பை மூசை என்னும் மண்கிண்ணத்தில் இட்டு, ஆவாரை இலையும் சுள்ளியும் சேர்த்து வாயடைத்து, உலையில் வைத்து உயர்ந்த உருக்காக மாற்றும் முறையை அது விவரித்தது. பாறையில் அருகன் திருமேனியைச் செதுக்கும் உளிகளுக்காகவும், ஏட்டில் எழுதும் எழுத்தாணிகளுக்காகவும் பள்ளியின் துறவிகள் தலைமுறை தலைமுறையாகத் தேடிச் சேர்த்த அறிவு. அதே உருக்கில் வாள் அடித்தால் எதிரியின் வாளை வாழைத்தண்டு போல வெட்டலாம் என்று குறும்பொறை நாட்டை ஆளும் அரையருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னவன் நாவில் இடி விழ! ஓர் ஈயைக்கூடக் கொல்லாதவர்கள் எழுதிய நூலை வைத்துக்கொண்டு ஊர் ஊராய்க் கொன்று குவிக்க அரையர் புறப்பட்டுவிட்டார்.

நூலில் ஒரு சங்கடம் இருந்தது. முதல் நாற்பது ஏடுகளை, குணநங்கை வருவதற்கு ஓராண்டு முன்பே, வேறொருவர் எழுதிப் பாதியில் விட்டுச் சென்றிருந்தார். யார் என்று அவளுக்குத் தெரியாது. எழுதியவர் பெயரைச் சொல்வது அந்தப் பள்ளியின் வழக்கமில்லை. அவர் சொன்ன முறைப்படி எத்தனை தடவை உருக்கினாலும் உளி பாறையில் பட்டதும் படீரென்று முறிந்தது. “செய்து பார்த்துச் சரியாக வந்த பிறகே நூலுக்கு மையாடலாம்” என்பது பள்ளித் தலைவியின் கட்டளை. ஆகவே எழுத்தாணி கீறிய எழுத்துகளின் மேல் கரி பூசாமல், அறுபத்து மூன்று ஏடுகளும் வெளிறிய நிலையிலேயே இருந்தன. பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். மாலை மயங்கினால் வெற்றேடுதான்.

குணநங்கையோ அந்த நாற்பது ஏடுகளை விரல் நுனியாலேயே படித்துப் பழகியிருந்தாள். முகம் அறியாத அந்த மனிதரின் எழுத்து அவளுக்கு மனப்பாடம். ழகரம் வந்தால் போதும், அதன் வாலை அடுத்த இரண்டு எழுத்துகளுக்கு அடியில் நீளமாக இழுத்துச் சுழித்துவிடுவார். அந்தச் சுழியை விரல் தொடும்போதெல்லாம் அவள் மனம் எங்கோ போய்விடும். வெட்கக்கேடுதான், ஓர் எழுத்தின் வாலின் மேல் காதல் கொண்ட பெண்ணை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

“நங்கை, எழுந்து நில். வந்துவிட்டார்கள்” என்றார் பள்ளியின் தலைவியான குரத்தியார். எழுபது வயதைக் கடந்த அந்தப் பெண் துறவியின் குரலில் சிறிதும் நடுக்கமில்லை.

“அம்மையே, நூல் இங்கே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாகாதா?”

“பொய் சொல்லிக் காப்பாற்றிய நூலை எந்த முகத்தோடு படிப்பாய்?”

பந்தங்கள் மண்டபத்தை நிறைத்தன. முன்னால் வந்த படைத்தலைவனுக்கு முப்பது வயதிருக்கலாம். அவன் இடையில் தொங்கிய வாளைக் கண்டு குணநங்கை வியந்தாள். மட்டமான இரும்பு, விளிம்பு முழுதும் பல் விழுந்திருந்தது.

“அடிகளுக்கு வணக்கம். குறும்பொறை அரையரின் ஏனாதி காரி எயினன் நான். உருக்கு நூலைக் கொண்டுவரும்படி அரசர் ஆணை.”

குரத்தியார் அவனைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். “அறம் பெருகுக, ஏனாதியாரே. முதலில் பந்தங்களை அணைக்கச் சொல்லுங்கள். விட்டில்கள் விழுந்து மடிகின்றன. பொழுது சாய்ந்தபின் இங்கே நாங்கள் தீ ஏற்றுவதில்லை.”

“நன்றாயிருக்கிறது! இருட்டில் தடவித் தடவியா தேடுவது?” என்று சீறினான் துணைத்தலைவன் தத்தன்.

“அணையுங்கள்” என்றான் எயினன்.

பந்தங்கள் அணைந்தன. தூண்களிடையே நுழைந்த, அப்போதுதான் எழுந்த நிலவின் மங்கலான ஒளி மட்டுமே எஞ்சியது.

“அடிகளே, அந்த நூல் இப்பள்ளியில் இருக்கிறதா?”

“இருக்கிறது.”

குணநங்கைக்கு உயிரே போய்விட்டது.

“எங்கே?”

“இதே மண்டபத்தில். உங்கள் கண்ணெதிரே.”

வீரர்கள் பேழைகளைக் கவிழ்த்தார்கள். மருத்துவ ஏடுகள், இலக்கண ஏடுகள், அருகன் துதிகள் எல்லாம் கட்டுக் கட்டாகத் தரையில் சிதறின. முதல் ஏட்டைத் தூக்கிப் பார்ப்பதும் எறிவதுமாக நேரம் சென்றது. கடைசியில் தத்தன் குணநங்கையின் கையிலிருந்த கட்டைப் பறித்து நிலவில் விரித்தான்.

“சே! வெறும் ஏடு. போகட்டும், நல்லதாய்ப் போயிற்று. பாசறையில் ஓலை எழுத ஏடே இல்லை. இதைக் கொண்டுபோனால் காலையில் ஆகும்.”

காலையில்! வெயிலில் ஒரு முறை விரித்தால் போதுமே! குணநங்கை தன்னை மறந்து கையை நீட்டினாள். அதற்குள் கட்டு ஏனாதியின் கைக்குப் போய்விட்டது.

அவன் அதைப் பார்க்கவில்லை. தத்தனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, விரல் நுனியை முதல் ஏட்டின் மேல் இடமிருந்து வலமாக மெல்ல ஓட்டினான். விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு மீண்டும் நகர்ந்தது. குணநங்கையின் கண்களில் நீர் தளும்பிவிட்டது. தெரிந்துகொண்டான், எல்லாம் முடிந்தது.

“நங்கையாரே, எழுத்தாணி ஒன்று கிடைக்குமா?”

கொடுத்தாள். அவன் கட்டின் கடைசி ஏட்டை உருவினான். அது மெய்யாகவே எழுதாத ஏடு. நின்ற நிலையிலேயே இடக்கைப் பெருவிரலை ஏட்டில் ஊன்றி, எழுத்தாணியை அதன்மேல் தாங்கி, மூன்று வரிகளைக் கடகடவென்று கீறினான். வாள் பிடிக்கும் கைக்கு இந்த லாவகம் எப்படி வந்தது என்று அந்தப் பதற்றத்திலும் அவள் வியந்தாள்.

“தத்தா, இந்தக் கட்டில் உன் கண்ணுக்கு ஏதாவது எழுத்துத் தெரிந்ததா?”

“ஒன்றுகூட இல்லை, ஏனாதி.”

“மற்றவர்களுக்கு?”

“இல்லை” என்றன பல குரல்கள்.

“கண்டதைக் கண்டபடியே அரசரிடம் சொல்லுங்கள். இப்போது இதில் என் கையெழுத்து இருக்கிறது. ஆகவே இது என் ஓலை. இந்த நங்கையார் இதை அக்கரைப் பள்ளிக்குக் கொண்டுபோவார். துறையில் யாராவது இவரைத் தடுத்தால் அவன் என் ஆணையை மீறியவன்.”

தத்தன் முணுமுணுத்தான், ஆனால் இறங்கினான். எயினன் கடைசியாகத் திரும்பிக் குரத்தியாரின் முன் மண்டியிட்டு வணங்கினான். அவர் தம் கையிலிருந்த மயிற்பீலியை அவன் தலைக்கு மேலாக ஒரு முறை அசைத்தார்.

அடுத்த நாழிகையில் குணநங்கை ஓடத்தில் இருந்தாள். ஏனாதியின் பெயரைச் சொல்லி ஏட்டுக்கட்டை நீட்டியதுமே துறைக்காவலர்கள் வழிவிட்டார்கள். நடு ஆற்றில், நிலவு நன்றாக ஏறியிருக்க, அவள் கடைசி ஏட்டை எடுத்து மடியில் வைத்து விரலை ஓட்டினாள்.

‘பதி’ என்றன முதல் எழுத்துகள். பிறகு ‘பதினே’ என்றன. அடுத்த எழுத்தில் ஒரு வால். அது கீழே இறங்கி, அடுத்த எழுத்தின் அடியில் புகுந்து, அதற்கடுத்த எழுத்தையும் தாண்டி நீளமாகச் சென்று சுழிந்தது.

அவள் வாய்விட்டு அழுதாள். ஓடக்காரர் துடுப்பை நிறுத்தி, “என்ன தாயே?” என்று பதறினார். “ஒன்றுமில்லை ஐயா, ஓட்டுங்கள்” என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

*பதினேழாம் ஏட்டில் என் பிழை. ஒரு நாழிகை அன்று. மூசையை உலையிலேயே ஏழு நாழிகை ஆறவிடுக.*

அவசரமாக ஆறிய உருக்குத்தான் இத்தனை நாளும் முறிந்தது! அந்தப் பிழையால்தான் நூலுக்கு மையாடவில்லை. மையாடாததால்தான் இன்று அது பிழைத்தது. அந்த இரகசியம் முழுவதையும் நெஞ்சில் வைத்துக்கொண்டே, நான்கு ஆண்டுகளாக அந்த மனிதர் பல் விழுந்த வாளைக் கட்டிக்கொண்டு அரையர் அருகிலேயே நின்றிருக்கிறார். ஒரு சொல் சொல்லியிருந்தால் நாட்டில் பாதி அவருக்குக் கிடைத்திருக்குமே!

மூன்றாம் வரியை மெல்லத் தடவினாள்.

*வாள் துறந்து வருவேன். எனக்கு ஓர் ஏடு எழுதாமல் வைத்திரும்.*

தூரத்தில் வெண்குன்றத்தின் அடிவாரத்தில் வீரர்கள் நிழல்களாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் எவர் அவர் என்று தெரியவில்லை. குணநங்கை அந்த ஏட்டை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, பொருநை அன்னை கேட்க உரத்துச் சொன்னாள்:

“நாளைக்கே உலை மூட்டுவேன். உளி முறியாமல் நின்றால் எல்லா ஏடுகளுக்கும் மையாடுவேன். ஆனால் நூலின் முடிவை நான் எழுதமாட்டேன். அதற்குரியவர் வந்து எழுதும்வரை ஓர் ஏடு வெறுமையாகவே இருக்கும். இது சத்தியம்!”